நடை மீண்டால் போதுமா? தொழில்வழிச் சிகிச்சை பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் சக்கர நாற்காலி வழங்கும் படங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வெளிவருகின்றன. புலம்பெயர்ந்த பிள்ளைகள் தம் பெற்றோரின் நினைவு நாளையொட்டி அனுப்பிய பணத்தில் வாங்கிய நாற்காலி. அதன் பின்னால் ஐந்தாறு பேர் நிற்பர். அதில் அமர்ந்திருப்பவர் மட்டும் கமராவைப் பாராமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடுப்பவரின் நல்லெண்ணத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டாக அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சில கேள்விகள் என்னை விடுவதில்லை. இந்த நாற்காலியை இவருக்கென்று அளந்தவர் யார்? இவரது படலையிலிருந்து விறாந்தை வரையுள்ள மணலில் இதன் சில்லு உருளுமா என்று போய்ப் பார்த்தவர் யார்? இதில் இருந்தபடி இனி என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று இவரிடமே கேட்டவர் யார்?

இப்படிக் கேட்பதையே தன் வேலையாகக் கொண்ட மருத்துவத் துறை ஒன்று உண்டு. நம் நாட்டில் அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயர் தொழில்வழிச் சிகிச்சை. அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பாரிசவாதத்தால் இடப்பக்கம் வழங்காமற்போன என் மனைவிக்குத் தொழில்வழிச் சிகிச்சை தேவைப்படுகிறது என்று நான் சொன்னபோது, அயல்வீட்டு அக்கா மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்: “உவவுக்கு 67 வயசாகுது, இனி என்ன தொழில் பழகப் போறா?” வைத்தியசாலை வட்டாரத்தில் ‘ஓ.ரி.’ (ஒக்கியுபேஷனல் தெரபி) என்ற அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொன்னாலோ, கேட்பவர் சத்திரசிகிச்சைக் கூடத்தின் திசையைக் காட்டிவிடுவார்.

முப்பது ஆண்டுக்கு மேலாகத் தமிழ் இலக்கணம் படிப்பித்த எனக்கும் இது உடனே உறைக்கவில்லை. தொழிற்பெயர் என்று நாம் எவற்றைச் சொல்கிறோம்? உண்ணல், உடுத்தல், நடத்தல், கொடுத்தல். இலக்கணத்தில் தொழில் என்பது சம்பளம் தரும் வேலை அன்று. ஒருவர் செய்கின்ற எச்செயலும் தொழிலே. இறைவனுக்கு ஐந்தொழில் என்று சைவர்கள் சொல்வதும் இந்தப் பொருளிலேயே. ஆகவே பெயரில் பிழையில்லை; நாம்தான் சொல்லின் பழைய பொருளைக் கைவிட்டு, சம்பளப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டோம். நோயினாலோ காயத்தினாலோ ஒருவரிடமிருந்து பறிபோன தொழிற்பெயர்களை ஒவ்வொன்றாக அவருக்கு மீட்டுக் கொடுப்பதே தொழில்வழிச் சிகிச்சை என்று என் பழைய மாணவர்களுக்கு நான் விளக்கம் சொல்வேன்.

நடந்ததை எழுதுகிறேன். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக் குழாயொன்று அடைபட்டதால் மனைவியின் இடக் கையும் இடக் காலும் செயலிழந்தன. உயிரைக் காப்பாற்றிய வைத்தியர்களுக்கும், நாள்தோறும் வாட்டுக்கு வந்து அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தி, பின்னர் ஊன்றுகோலுடன் நடக்க வைத்த இயன்மருத்துவருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். நடை வந்ததும் துண்டு வெட்டினார்கள். மருந்துச் சிட்டை, அடுத்த கிளினிக்குக்கான திகதி, உப்பைக் குறைக்கும்படி ஓர் அறிவுரை ஆகியவற்றோடு வீடு வந்து சேர்ந்தோம். கழிப்பறையில் குந்த வேண்டுமா, குளிப்பது கிணற்றடியிலா, வாசலில் எத்தனை படி, பகல் முழுவதும் வீட்டில் யார் இருப்பார் என்று எவரும் எம்மிடம் கேட்கவில்லை. இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்பதற்கென்று ஓர் ஆள் அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நான் செய்ததையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். சோறு குழைத்து ஊட்டினேன், தலை இழுத்துவிட்டேன், உடுப்பு மாற்றிவிட்டேன், அவர் வாய் திறக்கும் முன்னரே தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். உறவினர் எல்லோரும் மெச்சினார்கள். நான்கு மாதத்தில், பழுதில்லாத வலக் கையும் வேலை மறந்து மடியில் கிடந்தது. நோய் எடுத்தது போக மிஞ்சியதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை என்னிடம் முன்னர் படித்த பெண் ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவள் வெளிமாவட்டமொன்றில் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருக்கிறாள். நல்லூர்த் திருவிழாவுக்கு விடுமுறையில் வந்தவள், கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வந்தவள் கையைத் தூக்கிப் பார்க்கவுமில்லை, பிறஷர் அளக்கவுமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். “சேர், இண்டைக்கு நீங்கள் ஊட்டாதேங்கோ, சிந்தினாலும் காரியமில்லை” என்று என்னைத் தடுத்துவிட்டு, எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவி சாப்பிடுவதைப் பார்த்தபடி இருந்தாள். கோப்பையின் வலப்பாதியில் இருந்த சோறும் பருப்பும் மெல்ல மெல்லத் தீர்ந்தன. “கத்தரிக்காய் வைக்க மறந்துபோனியளோ?” என்று மனைவி என்னைக் கேட்டார். கத்தரிக்காய்க் கறி கோப்பையின் இடப்பக்கத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிற் பலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கண்ணில் பழுதில்லை, பழுது கவனத்தில். கதவு நிலையில் இடத் தோள் இடிபட்டதும், தலையின் வலப்பக்கத்தை மட்டும் தடவி வாரிவிட்டு முடிந்துவிட்டதாக அவர் சீப்பை வைத்ததும், பத்திரிகையை விரித்து ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து வாசித்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்று மடித்துப் போட்டதும் இதனாலேயே. (பிழை பத்திரிகையில் இல்லை என்பதை ஆசிரியர் அவர்கட்கு இவ்விடத்தில் உறுதிப்படுத்துகிறேன்.) இவற்றையெல்லாம் நான் வயதின் மறதி என்று எண்ணி, நான்கு மாதம் அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் செய்தது மிக எளியது. சாப்பாட்டுத் தட்டத்தின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, “சிவப்பைக் காணுமட்டும் தலையைத் திருப்பித் தேடுங்கோ அன்ரி” என்றாள். வாசிக்கும்போது பத்திரிகைப் பத்தியின் இடப்பக்கத்திலும் அப்படியே ஒரு சிவப்பு மட்டை வைக்கச் சொன்னாள்.

அதன் பிறகு அவள் கேட்ட கேள்விதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. “அன்ரி, உங்களுக்கு முதல்ல என்ன செய்யவேணும்போல கிடக்கு?” கை எழும்ப வேண்டும், கோல் இல்லாமல் நடக்க வேண்டும் என்று மனைவி சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: “விடிய எழும்பி ஒரு தேத்தண்ணி நானே போட்டுக் குடிக்கோணும். இவர் போடுறது வாயில வைக்கேலாது.” 41 ஆண்டு இல்லறத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை, நோய்க்கு முன்னர் நான் தேத்தண்ணி போட்டதுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வி உபசாரத்துக்குக் கேட்பது அன்று. தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் அளவுகோலே அதுதான். வைத்தியசாலைகளில் அன்றாடச் செயற்பாட்டை அளக்க 1965 இல் வெளிவந்த பாதெல் சுட்டெண்ணைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பத்து அம்சங்கள், மொத்தம் 100 புள்ளிகள். அதில் நடைக்கு 15, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதற்கு 15, குளிப்பதற்கு 5. பயனுள்ள அளவீடுதான். ஆனால் அதில் 100 புள்ளியும் வாங்கிய ஒருவர் தனக்கொரு தேத்தண்ணி போட இயலாதவராக இருக்கலாம், கடையில் மிச்சக் காசு எண்ண இயலாதவராக இருக்கலாம், கோயிலுக்குத் தனியே போய் வர இயலாதவராகவும் இருக்கலாம். எனவே கனடாவில் உருவாக்கப்பட்ட வேறோர் அளவீட்டையும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் கையாளுகிறார்கள். அதில் எந்தச் செயல்கள் தனக்கு முக்கியம் என்று நோயாளியே பெயரிடுவார். இப்போது அவற்றை எவ்வளவுக்குச் செய்கிறேன், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே புள்ளியும் போடுவார். மனைவி தேத்தண்ணிக்கு 1 போட்டார். பரீட்சை எழுதுபவரே வினாத்தாளும் தயாரித்துப் புள்ளியும் போடும் முறை எனக்குப் புதிதாக இருந்தது.

தேத்தண்ணி என்பது எத்தனை செயல் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கேத்திலைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. அது அடுப்பிலேயே இருக்க, சிறு குவளையால் ஒரு கோப்பை அளவு தண்ணீர் மட்டும் வார்க்க வேண்டும். சீனிப் பேணியின் மூடியை ஒற்றைக் கையால் திருக வராது. பேணியை லாச்சிக்குள் வைத்து, இடுப்பால் லாச்சியைத் தள்ளி இறுக்கிக்கொண்டால் பேணி சுழலாமல் நிற்கும், மூடி திறக்கும். கோப்பையின் கீழ் நனைத்துப் பிழிந்த துணியொன்றை விரித்தால் கலக்கும்போது வழுக்காது. உணர்ச்சி குறைந்த இடக் கையை மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்த பின்னரே கொதிநீரைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் சுட்டது தெரியாமலே தோல் வெந்துவிடும். போட்ட தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு நடக்கக் கூடாது. குசினியிலேயே கதிரை போட்டு இருந்து குடிக்க வேண்டும். அன்றாடம் கைபடும் சாமான்கள் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுக்கு வந்தன. வெங்காயம் வெட்ட, துருப்பிடியா ஆணி இரண்டு தைத்த பலகையொன்றை நானே செய்தேன். வெங்காயத்தை ஆணியில் குத்திவிட்டால் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. கழிப்பறையில் கொமட் ஏற்கனவே இருந்தது. அதன் பக்கச் சுவரில் கல்வனைஸ் குழாயில் ஒரு பிடிகம்பி பூட்டினோம். சட்டை போடும்போது வழங்காத கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பதும், அந்தக் கையைப் பிடித்து இழுத்து ஆளை எழுப்பவே கூடாது என்பதும் எனக்கான பாடங்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும்போது அப்படி இழுப்பதால் வரும் வலி, பாரிசவாதத்தைவிட மோசமான எதிரியாகிவிடுமாம். ஆறாவது வாரம் மனைவி தன் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தார். எனக்கும் ஒன்று போட்டார். தேங்காய் துருவுவது மட்டும் இன்றுவரை என் வேலை. அதற்கு வழி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனைக்கும் ஆன பணச் செலவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக ஒரு மாதத்து வலிநிவாரணித் தைலத்துக்குக் கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டது பார்க்கத் தெரிந்த கண்ணும், வீட்டுக்குள் வந்த காலும். எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அப்படி ஒருவர் இல்லாதவர்களின் நிலை என்ன?

அதற்கும் என் குடும்பத்திலேயே பதில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், தச்சுத் தொழில் செய்யும் என் தம்பியின் உள்ளங்கையில் கிறைண்டர் பாய்ந்து இரண்டு விரல்களை மடக்கும் நரம்புகள் (ஊரில் நரம்பு என்கிறோம், உண்மையில் அவை தசைநாண்கள்) அறுந்தன. ஒரு வைத்தியசாலையில் அன்றிரவே தைத்தார்கள். தைத்த வேலை அருமையான வேலை என்று பின்னர் பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தைத்த தசைநாண் ஆறும்போது சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும் என்பதும், அதைத் தவிர்க்க முதல் வாரத்திலேயே புறங்கைப் பக்கமாகத் தாங்கி ஒன்றைப் பொருத்தி, அதற்குள் விரல்களைக் கணக்காக அசைக்கப் பழக்க வேண்டும் என்பதும், தாங்கி ஏறக்குறைய ஆறு வாரம் இருக்க, பாரமான வேலைக்குப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்பதும் அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அசைக்காதே என்று மட்டும் சொன்னார்கள். அவன் அசைக்கவே இல்லை. கட்டு அவிழ்த்தபோது விரல்கள் பாதி மடிந்தபடி இறுகிப்போயிருந்தன. இன்று அவன் உளியைப் பிடிப்பதில்லை. மரக்காலையொன்றில் கணக்கு எழுதுகிறான். அந்தத் தாங்கி சுடுநீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்ரிக் தகடு. நோயாளியின் கையிலேயே வைத்து வளைத்து, அரை மணித்தியாலத்தில் செய்துவிடலாம். எந்த வைத்தியசாலை என்பது இங்கு முக்கியமில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் இருந்து, கைக்குச் சிகிச்சையளிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் இல்லாத எந்த இடத்திலும் இது நடக்கும்.

குடாநாட்டுக்கே உரிய காயங்களும் உண்டு. பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளர் இல்லாத ஊர் இங்கே குறைவு. போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். இருபது வயதில் இரண்டு கைகளால் உந்தித் தள்ளிய சக்கர நாற்காலியை ஐம்பது வயதுத் தோள்கள் தள்ள மறுக்கின்றன. சலரோகத்தால் கால் எடுக்கப்படுவோர் அவர்களோடு வந்து சேர்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் பனையால் விழுந்த ஒருவருக்கு யாரோ நல்மனத்தோடு வாங்கிக் கொடுத்த நாற்காலி அவரைவிட நான்கு அங்குலம் அகலம். அவர் ஒரு பக்கம் சரிந்தே இருந்தார். சரிந்த பக்கத்தில் புண் வந்தது. புண் ஆற மூன்று மாதம் குப்புறப் படுத்திருந்தார். நாற்காலியின் இருக்கை இடுப்பைவிடச் சற்றே அகலமாகவும், முழங்காலின் பின்புறத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். உணர்ச்சியற்ற உடலில் அழுத்தம் ஒரே இடத்தில் தங்காதபடி அடிக்கடி உடலை உயர்த்தியோ சாய்த்தோ இறக்கப் பழக்க வேண்டும். இருக்கைக்கு ஏற்ற மெத்தை வேண்டும். இவை தெரிந்தவர் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அந்தப் புண் வந்திராது.

வீட்டு வாசலின் கதையும் அப்படித்தான். சாய்தளம் அமைக்கும்போது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் விட வேண்டும் என்பது பொதுவிதி. நமது பழைய கல்வீடுகளின் விறாந்தை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம்; அதாவது 18 அடி நீளச் சாய்தளம். மேசன்மார் ஆறு அடியில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். பின்னால் பிடிக்க ஆளில்லாமல் அதில் இறங்கினால் முற்றத்தில் போய் விழ வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் எத்தனையோ பேருக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்க வைத்திருக்கிறது; அதை நன்றியோடு நினைக்காத குடும்பம் வடக்கில் குறைவு. அந்தக் காலின் வரலாற்றிலேயே நான் சொல்லவரும் விடயம் இருக்கிறது. மேல்நாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், நம்மவர்கள் குந்துவார்கள், சம்மணமிட்டு இருப்பார்கள், வெறுங்காலோடு வயலிலும் கோயிலிலும் நடப்பார்கள் என்பதைப் பார்த்து, அதற்கு ஏற்ற பாதத்தை உருவாக்கினார்கள். உறுப்பை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கால் பிறந்திராது. ஆள் என்ன செய்கிறார் என்று பார்த்ததால் பிறந்தது. என் மாணவியும் இதேபோன்ற ஒன்றைச் சொன்னாள். ஒரு கை வழங்காத முதியவர் ஒருவருக்கு இருந்த ஒரே ஆசை, பிறர் கட்டிவிடாமல் தானே வேட்டி உடுத்துத் தேர் பார்க்க வேண்டும் என்பது. வேட்டியை இடுப்பில் இறுக்கிச் செருக இரண்டு கை வேண்டும். வேட்டியின் இடுப்போரத்தில் வெல்குரோ பட்டி தைத்து, சுவரில் இடுப்பைச் சாய்த்துத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்றிவர அவருக்குப் பழக்கினாளாம். வைத்தியசாலைப் பதிவேட்டில் இதை எந்தக் கூண்டில் எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

விபத்தும் வாதமும் மட்டுமல்ல. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணத் தொடங்கிய பெண்கள் தினமும் தேங்காய்ப்பால் பிழிகிறார்கள், துணி முறுக்குகிறார்கள், சுடுசட்டியை விரல் நுனியால் தூக்குகிறார்கள். துணியைக் குழாயில் சுற்றித் திருகலாம், சட்டியை இரு உள்ளங்கைகளாலும் ஏந்தலாம், கடைப் பையை விரலில் அல்லாமல் முழங்கையில் மாட்டலாம் என்று நோயின் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுத்தால் மூட்டுகளில் விழும் பாரம் குறையும். நெடுநாள் சுவாச நோயுள்ளவர் நின்று குளிப்பதற்குப் பதிலாக ஸ்ரூலில் இருந்து குளித்தால், குளித்த பின்னும் ஒரு வேலை செய்ய மூச்சு மிஞ்சும். இவை அற்பமாகத் தோன்றலாம். அற்பமானவற்றாலேதான் ஒரு நாள் ஆகியிருக்கிறது.

இத்துறை புதியதும் அன்று. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூரில் இதற்கான முதற் சங்கம் கூடியது. கூட்டியவர்களில் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன், நோயினால் இடப்பக்கம் செயலிழந்து, தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தன்னைத் தேற்றிக்கொண்ட கட்டடக் கலைஞர். முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்குப் பட்டறைகளில் நெசவும் கூடை முடைதலும் பழக்கியதிலிருந்து, இது ஏதோ கைப்பணி வகுப்பு என்ற எண்ணம் உலகெங்கும் நிலைத்துவிட்டது. பனையால் விழுந்தவருக்குப் பனையோலைப் பெட்டி இழைக்கப் பழக்குவதே புனர்வாழ்வு என்று நாமும் இன்றுவரை நினைக்கிறோம். அவர் சைக்கிள் திருத்த விரும்புகிறாரா, கடை வைக்க விரும்புகிறாரா என்று கேட்பதில்லை. வேலூர் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954 இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின், நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966 இல் அங்கே புனர்வாழ்வு நிலையத்தையும் தொடக்கி வைத்தார். அவருக்கு எவரும் கூடை முடையப் பழக்கவில்லை.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளிவந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 26 ஆவது உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் இயன்றளவு விரைவிலேயே தொடங்க வேண்டும் என்றும், கிராமப் புறங்கள் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றளவு அண்மையில் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து, யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து சேரும் ஒரு பாரிசவாத நோயாளிக்கு ‘அண்மை’ என்பதன் பொருள் என்னவென்று மாகாண சுகாதார அமைச்சு சிந்திக்க வேண்டும். மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளராவது இருக்க வேண்டும். அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது வாகனமும் வீடுகளுக்குச் செல்லும் கடமையும் ஒதுக்கப்பட வேண்டும். மேசையில் இருந்து செய்வதைவிடக் குசினி வாசலில் நின்று செய்வதே இந்த வேலையில் அதிகம். குடும்பநல மாதர் பேறுகால வீடுகளுக்குச் சைக்கிளில் சென்ற மரபு நம்மிடம் ஏற்கனவே உண்டு. துண்டு வெட்டும்போது மருந்துச் சிட்டையோடு, வீட்டில் இவர் என்ன செய்ய வேண்டியவர் என்ற ஒரு தாளும் நிரப்பப்பட வேண்டும். அதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. சுகாதார அமைச்சின் கீழ் இதற்கான பயிற்சி கொழும்பிலுள்ள இயன்மருத்துவ, தொழில்வழிச் சிகிச்சைப் பாடசாலையில் நடைபெறுகிறது. 1978 இல் மருத்துவ பீடத்தைத் தொடங்கிய நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், தாதியியலுக்கும் மருந்தகவியலுக்கும் ஆய்வுகூட விஞ்ஞானத்துக்கும் பட்டம் வழங்குகிறது. அந்த வரிசையில் தொழில்வழிச் சிகிச்சையையும் சேர்ப்பது பற்றிக் கல்வியாளர்கள் ஆராய வேண்டும். நோயாளியின் வாயிலிருந்து ‘தேத்தண்ணி’ என்ற சொல்லை வரவழைக்க அவருடைய மொழியில் கேட்பவர் வேண்டும். 19 ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். கலைச்சொல் இல்லை என்று அவர் காத்திருக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்று மனமுடைந்து நிற்கும் பிள்ளைகளிடம் இப்படியொரு துறை இருப்பதை நாமும் சொல்வதில்லை. நான் சொன்னதில்லை. என் மாணவி தானாகவே தேடிப் போனவள்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு வார்த்தை. நாற்காலி வாங்க அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, அந்த நாற்காலியை அளப்பதற்கும், படலையிலிருந்து விறாந்தைக்கும் விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கும் மூன்றடி அகலத்தில் சீமெந்துப் பாதை போடுவதற்கும் ஒதுக்குங்கள். படம் எடுப்பதற்கு அவ்வளவு பொருத்தமான காட்சியாக அது இராது. ஆயினும் ஆசிரியர் அவர்கள் அத்தகைய படம் வந்தால் பிரசுரிப்பார் என்று நம்புகிறேன்.

சக்கர நாற்காலி வாங்குமுன் உடலிலும் வீட்டிலும் அளக்க வேண்டிய அளவுகளை என் மாணவி ஒரு தாளில், படத்தோடு, விளங்கும் தமிழில் எழுதித் தந்திருக்கிறாள். நினைவுதினத் தான நிகழ்வுகளை ஒழுங்கு செய்யும் சங்கங்கள் கேட்டால் பிரதி எடுத்துக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். பத்திரிகையில் இடமிருந்தால் அதையும் அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியர்,
கோண்டாவில்.